நினைக்காமல் விட்ட லேயரை எல்லாரும் பாராட்டுகிறார்கள், அது என் உத்தேசமா?

மைக்கறை

டிஜிட்டலில் வரைகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வயதான பெண்ணை வரைந்தேன். முதல் ஸ்கெட்சில் அவள் முகம் நம்மைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அது ஏனோ பிடிக்கவில்லை, புது லேயர் (படத்தின் மேல் கண்ணாடித்தாள் மாதிரி இன்னொரு அடுக்கு) எடுத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வரைந்தேன். பழைய ஸ்கெட்சை அழிக்காமல், அளவு பார்க்க உதவுமே என்று, மேலேயே மல்டிப்ளையில் (கீழே இருக்கும் நிறத்தோடு கலந்து இருட்டாக்கும் முறை) வைத்து ஒபாசிட்டியை, அதாவது அது தெரியும் அடர்த்தியை, நன்றாகக் குறைத்து விட்டிருந்தேன். எக்ஸ்போர்ட் செய்யப்போகும் நேரத்தில் அந்த லேயர் இன்னும் அணைக்கப்படாமல் இருப்பது கண்ணில் பட்டது. பார்த்தேன். அணைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, படத்துக்கு அது ஒன்றும் கெடுதல் செய்யவில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இப்போது படத்தைப் பார்க்கிறவர்கள் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். கூந்தலுக்குள் மங்கலாக இன்னொரு முகம் இருக்கிறதே, அது அவளுடைய இளவயசு முகமா, போய்ச் சேர்ந்த யாரோ திரும்பிப் பார்க்கிறார்களா என்று ஆளுக்கொரு கதை. கதைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, என்னால் அப்படி யோசித்திருக்க முடியாது. ஒருவர் மட்டும் நேரடியாகக் கேட்டுவிட்டார், இதை நினைத்துத்தான் செய்தீர்களா என்று. ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அதுவும் பொய் மாதிரி இருக்கிறது.

நான் வரையும் செயலி டைம்லாப்ஸ், அதாவது வரைந்ததை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோ, பதிவு செய்யும். ஓட்டிப் பார்த்தேன். எந்தக் கோடு எப்போது விழுந்தது, எதை அழித்தேன், கழுத்தை எப்படியெல்லாம் மாற்றினேன் எல்லாம் இருக்கிறது. ஆனால் நான் பேனாவை எடுத்துவிட்டு அந்த லேயரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் மட்டும் இல்லை. கேன்வாஸில் ஏதாவது மாறினால்தான் அது பதிவு செய்யும், சும்மா உட்கார்ந்து பார்ப்பதை அது கணக்கிலேயே எடுக்காது. நான் தேடுவது இருந்த இடம் அதுதான், அதுவே வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது.

கேள்வி இதுதான். உத்தேசம் என்பது வரைவதற்கு முன்னாலேயே மனதில் இருக்கவேண்டியதா? எல்லாம் முடிந்தபிறகு வருவதையும் உத்தேசம் என்று சொல்லலாமா? இல்லை, இது குருட்டாம்போக்கில் அமைந்தது, பாராட்டை வாங்கிக்கொண்டு சும்மா இரு என்கிறீர்களா?

பழுப்புத்தாள்

சும்மா இருக்கவேண்டாம், அது உங்களுடையதுதான். காரணம் சொல்கிறேன்.

காகிதத்தில் மை சிந்தினால் சிந்தியதுதான், அதை வைத்துக்கொண்டு எப்படியாவது சமாளிக்கவேண்டும். அங்கே ஒரு கறை இருக்கிறது என்பதாலேயே அதை வரைந்தவர் விரும்பினார் என்று சொல்ல முடியாது. டிஜிட்டலில் நிலைமை தலைகீழ். 1994-ல் போட்டோஷாப்பின் 3.0 பதிப்பில் லேயர் வந்தது. 1998-ல் 5.0 பதிப்பில், பல படிகள் பின்னால் போகவிடும் ஹிஸ்டரி வந்தது. அதுவரைக்கும் ஒரே ஒரு அன்டூதான், அதற்கு முந்தைய கோடு போனது போனதுதான். இப்போது எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், ஒரு காசு செலவில்லை, ஒரு விரல் அசைவு போதும். அப்படி இருக்கும்போது, பார்த்தபிறகும் ஒன்று படத்தில் நிற்கிறது என்றால் அதற்கு நீங்கள் இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் பொருள். வைப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே விலை என்றால் வைத்ததும் ஒரு முடிவுதானே.

பிக்காசோவின் ‘வயதான கிதார்காரர்’ ஓவியத்தைப் பாருங்கள், 1903-04 வாக்கில் வரைந்தது. கிழவரின் தலைக்கு மேலே உற்றுப் பார்த்தால் ஒரு பெண்ணின் முகம் மங்கலாகத் தெரியும். எக்ஸ்ரே எடுத்தபோது கீழே வேறு ஓவியமே இருந்தது. அந்தப் பெண்ணை அவர் காட்ட நினைத்தார் என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் மேலே வண்ணம் பூசி மூடினார், காலப்போக்கில் அது தெரிய ஆரம்பித்தது. நீங்கள் மூடவில்லை. மூட ஒரு பொத்தான் பக்கத்திலேயே இருந்தும் மூடவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

நேர்க்கோடு

பழுப்புத்தாள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. பார்த்துவிட்டு விட்டதை உத்தேசம் என்கிறீர்கள், சரி. பார்க்காமலே விட்டதை என்ன செய்வது? டிஜிட்டல் படத்தில் பாதிக்கு மேல் அதுதான்.

கோட்டை நேர்த்தியாக்கும் ஸ்டெபிலைசரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான செயலிகளில் பேனா போன கடைசிச் சில புள்ளிகளின் சராசரியை எடுத்துத்தான் கோடு போடும், அதனால்தான் கோடு பேனாவுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வருகிறது. கை நடுக்கம் அந்தச் சராசரியில் கரைந்துபோகும். அப்புறம் யாரோ வந்து, ஆகா என்ன உறுதியான கோடு, எவ்வளவு தன்னம்பிக்கை என்பார்கள். யாருடைய தன்னம்பிக்கை அது? செயலியை நிறுவும்போதே அந்த ஸ்லைடர் நடுவில் இருந்தது, நீங்கள் அதைத் தொட்டதே இல்லை. பேனா அழுத்தத்துக்கான வளைவும் இப்படித்தான், எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதை வேறொருவர் எப்போதோ தீர்மானித்துவிட்டார். கேன்வாஸின் நீள அகலம், பலகையில் முதலில் வந்து நிற்கும் நிறங்கள், முதல் வரிசையில் இருக்கும் பிரஷ், எல்லாமே அப்படி. ஒரு குறிப்பிட்ட பிரஷ் எல்லாருக்கும் முன்னிருப்பாக வந்த காலத்தில் வரைந்த படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் வரைந்த மாதிரி இருக்கும்.

அன்டூ செய்யாததெல்லாம் உத்தேசம் என்றால் இத்தனையும் உங்கள் உத்தேசம் ஆகிவிடும். ஆகாது இல்லையா? விலை இல்லாத பொத்தான் இருப்பது போதாது, அந்தப் பொத்தான் இருக்கிறது என்ற நினைப்பும் அந்த நேரத்தில் இருக்கவேண்டும். மைக்கறை, உங்கள் விஷயத்தில் அந்த லேயரைப் பார்த்தேன் என்கிறீர்களே, பார்த்தது எக்ஸ்போர்ட் அவசரத்திலா, நிதானமாகவா? அதைப் பொறுத்துத்தான் நான் பதில் சொல்வேன்.

மைக்கறை

அவசரம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன், ஆனால் “இது இன்னொரு முகம்” என்று பார்க்கவில்லை. ஏதோ ஒரு சாம்பல் மூட்டம் அங்கே இருந்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் பார்த்தேன். அது முகம் என்று எனக்கே மற்றவர்கள் சொல்லித்தான் உறைத்தது. நான் வரைந்த முகம்தான், இருந்தாலும்.

சுழியன்

நான் கையால் வரைகிறவன் இல்லை, நிரல் எழுதிப் படம் எடுக்கிறவன். என் படங்களில் ஒரு கோடுகூட நான் போட்டது கிடையாது, அதனால் இந்தக் கேள்வி எனக்குத் தினசரித் தொல்லை.

ஜெர்மானியர் கியோர்க் நேஸ் 1968 வாக்கில் கணினியால் செய்த ‘ஷோட்டர்’ என்ற படம் தெரிந்திருக்கும். வரிசைக்கு 12 சதுரம், மொத்தம் 22 வரிசை. மேல் வரிசை அணிவகுப்பு மாதிரி நேராக நிற்கும். கீழே போகப் போகச் சதுரங்கள் சாயும், இடம் மாறும், கடைசி வரிசைகளில் கொட்டிய ஜல்லிபோலச் சிதறிக் கிடக்கும். இதில் நேஸ் தீர்மானித்தது எது? எந்தச் சதுரம் எத்தனை டிகிரி சாயவேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, அது ரேண்டம் எண்களின் வேலை. கீழே இறங்க இறங்கச் சாய்வின் எல்லை எவ்வளவு விரியவேண்டும் என்பதைத்தான் அவர் எழுதினார். கடைசி வரிசையில் ஒரு மூலைச் சதுரம் அப்படித் தலைகுப்புற விழுந்துகிடப்பதைப் பார்த்து நமக்கு ஏதோ செய்கிறது, அந்தச் சதுரத்தை யாரும் அப்படி நினைக்கவில்லை, ஆனால் அப்படி ஒன்று விழக்கூடிய இடத்தை ஒருவர் நினைத்துத் திறந்துவிட்டிருக்கிறார். எனக்கு உத்தேசம் என்றால் இதுதான், எல்லை வகுப்பது.

கணினிக் கலையின் முன்னோடி வேரா மோல்னார் இன்னும் சுவாரசியம். கணினி கைக்கு வருவது 1968-ல், ஆனால் 1959 முதலே மனதுக்குள் ஒரு கற்பனை இயந்திரம் வைத்துக்கொண்டு, தானே விதி போட்டு, அந்த விதியைக் கையாலேயே நிறைவேற்றி வரைந்துகொண்டிருந்தார். ஒழுங்கான அமைப்பில் ஒரே ஒரு சதவீதம் குலைவு சேர்ப்பது அவருக்குப் பிடித்தமான வேலை. 0 என்றால் படம் செத்துக் கிடக்கும், அளவு மீறினால் இரைச்சல். அந்த 1-ஐ எது சொன்னது? கணக்கு சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் அங்கே வந்து நின்றார்.

நான் செய்வதும் அதேதான், கொஞ்சம் சோம்பேறித்தனமாக. நிரலை ஓட்டினால் ஒவ்வொரு சீட் எண்ணுக்கும் (ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) ஒரு படம் வரும், அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அச்சு அசலாக அதே படம் வரும். வரிசையாகத் தள்ளிக்கொண்டே போவேன். திடீரென்று ஒன்றில் விரல் நின்றுவிடும். ஏன் அதில் நின்றது என்று அப்போது தெரியாது, மறுநாள் யாராவது கேட்டால் வாய் தானாக ஒரு காரணம் சொல்லும், சமநிலை, இடைவெளி, அது இது என்று. அந்தக் காரணம் விரல் நின்றபோது இருந்ததா, கேள்விக்காக அப்புறம் பிறந்ததா என்று எனக்கே சந்தேகம்தான்.

இன்னொன்று. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் இருந்த மைக்கேல் நோல், டச்சு ஓவியர் மோந்திரியான் 1917-ல் வரைந்த சிறு கோடுகளாலான ஓவியத்தையும், அதே பாணியில் கணினியை வைத்துத் தான் உருவாக்கிய ஒன்றையும் நகல் எடுத்து 100 பேரிடம் காட்டினார், 1966-ல் முடிவை வெளியிட்டார். எது கணினி போட்டது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். 59 பேருக்குக் கணினிப் படம்தான் அதிகம் பிடித்திருந்தது. ஒழுங்காக அடுக்கியிருந்ததை இயந்திரம் போட்டது என்றும், சிதறலாக இருந்ததை மனிதர் போட்டது என்றும் பலர் எடுத்துக்கொண்டார்கள். மோந்திரியான் பாவம், யோசித்து யோசித்து ஒழுங்குபடுத்தினார், அதனாலேயே இயந்திரம் ஆகிப்போனார்.

ஆகவே மைக்கறை, பார்க்கிறவர்கள் கண்டுபிடிக்கும் உத்தேசத்தை வைத்து உங்கள் உத்தேசத்தை அளக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு ஆட்களின் சொத்து.

கிளைமொழி

எல்லாரும் ரொம்ப மெனக்கெடுகிறீர்கள். வரைந்தவர் என்ன நினைத்தார் என்பது படத்தை எடைபோட உதவாது, கிடைக்கவும் கிடைக்காது என்று விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இருவர் 1946-லேயே கவிதையை வைத்து எழுதிவிட்டார்கள். நமக்கு அது புதிதும் இல்லை. ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருள் சொல்வார், பரிமேலழகர் அதை மறுத்து வேறு சொல்வார், வள்ளுவரை எழுப்பிக் கேட்க யாரும் போகவில்லை. குறள் நின்றுகொண்டுதான் இருக்கிறது. படத்தை வெளியே விட்டாகிவிட்டது, இனி நீங்களும் ஒரு பார்வையாளர், அதிலும் கொஞ்சம் கெட்டுப்போன பார்வையாளர், ஏனென்றால் லேயர் அடுக்கு உங்களுக்குத் தெரியும்.

கூலிக்கு மாரடி

உத்தேசமாவது மண்ணாங்கட்டியாவது. நான் பிறர் கேட்டு வரைகிறவன். கேட்டவரிடம் உத்தேசம் இருக்கும், நீளமாக எழுதி அனுப்புவார், மூன்றாவது திருத்தத்தில் அதுவும் மாறிப்போகும். கடைசியில் அவருக்குப் பிடிப்பது நான் வேறு எதற்கோ விட்ட ஒரு வெற்றிடமாக இருக்கும். எத்தனை தடவை பார்த்தாகிவிட்டது.

கிளைமொழிக்கு ஒன்று. வள்ளுவரைக் கேட்க முடியாது, மைக்கறையைக் கேட்க முடியும், கேட்டும் விட்டார்கள். பதில் சொல்லாமல் தத்துவம் பேசினால் திமிர் என்பார்கள். “பழைய ஸ்கெட்ச் அது, இருக்கட்டும் என்று விட்டேன்” என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அதைக் கேட்டு ரசனை குறைகிறவருக்குக் குறையட்டும்.

உங்களுக்கே தெரிந்துகொள்ள ஆசை என்றால் ஒரு வழி இருக்கிறது. அந்த லேயரை அணைத்து இன்னொரு பிரதி எடுங்கள். இரண்டையும் சின்ன அளவில், கட்டைவிரல் நக அளவுக்குக் குறைத்துப் பக்கத்தில் வையுங்கள். அணைத்ததைப் பார்த்து மனசு ஒப்பவில்லை என்றால், அந்த லேயர் படத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. ஒன்றும் தோன்றவில்லை என்றால் அது ஒட்டடை, அதைப் பற்றி இவ்வளவு பேச்சு வேண்டாம். நான் எந்தப் படத்தையும் அனுப்புவதற்கு முன்னால் லேயர் லேயராக அணைத்து அணைத்துப் பார்ப்பேன். யோசனை செய்து கிடைக்காதது அதில் கிடைக்கும்.

மைக்கறை

கூலிக்கு மாரடி சொன்னபடி செய்து பார்த்தேன். அணைத்த படம் சப்பென்று இருக்கிறது. அந்தப் பெண் வெளியே பார்க்கிறாள், அவ்வளவுதான், நாம் அவளைப் பார்க்கிறோம் என்பதுபற்றி அவளுக்கு ஒன்றும் இல்லை. லேயரைப் போட்டால் அவள் முதுகுப் பக்கத்திலிருந்து நம்மைக் கவனிக்கிற மாதிரி இருக்கிறது. சரி, அது வேலை செய்கிறது என்று தெரிந்தது.

ஆனால் அதைவிட வேறொன்று கண்ணில் பட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன். ஸ்கெட்ச் மல்டிப்ளையில் இருப்பதால் கீழே கூந்தல் கருப்பாக இருந்தால் அந்தக் கோடுகள் முழுங்கப்பட்டிருக்கும், தெரியவே தெரியாது. தெரிகிறது என்றால் அந்த இடத்தில் கூந்தல் வெளிறியிருக்கிறது. மறுபடி டைம்லாப்ஸை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். கூந்தலுக்கு அடர்த்தி ஏற்றும் பகுதியில் பிரஷ் உச்சியிலிருந்து இறங்கி வருகிறது, பழைய முகத்தின் கண் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வளைந்து பக்கவாட்டில் போய்விடுகிறது. அடுத்த கோடும் அப்படியே. கழுத்துப் பக்கமிருந்து மேலே ஏறி வரும் கோடும் அங்கே வந்ததும் தேய்ந்து நின்றுவிடுகிறது. வரையும்போது அது ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன் என்பது ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஜன்னல் அந்தப் பக்கம் இல்லவே இல்லை! வெளிச்சம் விழ வழியே இல்லாத இடத்தில் வெளிச்சம் விட்டிருக்கிறேன்.

அப்படியென்றால் எக்ஸ்போர்ட் நேரத்தில் முடிவு எடுத்ததாக நான் நினைத்ததற்கு வெகுநேரம் முன்னாலேயே கை அந்த முகத்துக்கு இடம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சுழியன்

அடேயப்பா. இதற்குப் பக்கத்தில் வரும் பேச்சு ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் 1957-ல் ஓர் உரையில், கலைஞர் நினைத்துச் சொல்லாமல் போனதற்கும் நினைக்காமலே சொல்லிவிட்டதற்கும் இடையே உள்ள விகிதம்தான் ஒரு படைப்பில் இருக்கும் கலையின் அளவு என்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அந்த விகிதக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. நினைத்தது, நினைக்காதது என்று இரண்டு தட்டு இருப்பதாக வைத்துக்கொண்டுதானே விகிதம் போடவேண்டும், உங்கள் பிரஷ் வளைந்து போனதை எந்தத் தட்டில் வைப்பார்?

பிக்காசோ பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1956-ல் வெளியான ஒரு படத்துக்காகக் கிளூஸோ என்ற பிரெஞ்சு இயக்குநர், மை ஊடுருவும் தாளின் மறுபக்கம் கேமராவை வைத்து அவர் வரைவதைப் படமெடுத்தார். பூ மீனாகும், மீன் சேவலாகும், சேவல் முகமாகும். ஒவ்வொரு கோடும் பிறப்பதைப் பார்க்கலாம். அடுத்த கோடு என்ன என்று மட்டும் கடைசிவரை ஊகிக்க முடியாது, அவர் மனிதர் சட்டையில்லாமல் உட்கார்ந்து ஜாலியாகப் போட்டுக்கொண்டே போவார்.

நேர்க்கோடு

மாயத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு எளிய சந்தேகம். முகத்தைத் திருப்பியபிறகு காது ஏறக்குறைய பழைய கண் இருந்த இடத்தில்தான் வரும். காது போட இடம் வேண்டுமே என்று அங்கே அடர்த்தி ஏற்றாமல் விட்டிருக்கலாம். கை எதையும் காப்பாற்றவில்லை, காதுக்காகக் காத்திருந்தது.

மைக்கறை

நியாயமான சந்தேகம், நானும் ஒரு நிமிடம் அதுதான் என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்தால் காதைக் கூந்தலுக்கு முன்னாலேயே வரைந்து, அப்புறம் முடியால் பாதி மூடியிருக்கிறேன். வெளிறிய இடம் காதுக்குப் பின்னால் இருக்கிறது. காது மேல் பழி போட முடியவில்லை.

கேட்டவருக்கு இரண்டு வரி எழுதிவிட்டேன், பழைய ஸ்கெட்ச், தெரிந்தேதான் விட்டேன் என்று. “தெரிந்தே” என்ற சொல்லில் கொஞ்சம் இடறியது, இருந்தாலும் போட்டுவிட்டேன்.

நேர்க்கோடு

சரி, காதை விட்டுவிடுகிறேன். அடுத்த படத்துக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். ஸ்டெபிலைசரைப் பூச்சியத்தில் வையுங்கள், அப்போதுதான் கோடு வளைந்தது கையாலா சராசரியாலா என்று பிரித்துச் சொல்ல முடியும், இப்போது இருக்கும் வீடியோவை வைத்து அதுவே உறுதியாகத் தெரியாது. அப்புறம் செயலியின் டைம்லாப்ஸை நம்பாமல் திரையை முழுசாகப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றைத் தனியாக ஓட்டுங்கள், கை நின்ற நேரமும் நின்ற அளவுக்கே பதிவாகும். பேனா முனை எங்கே மிதந்துகொண்டிருந்தது என்பதுகூடக் கர்சரில் தெரியும். ஆனால் பதிவாகிறது என்ற நினைப்பு இருந்தால் கை வேறு மாதிரி போகும், அதற்கு என்னிடம் வழி இல்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.